வல்கர் என்றால் யார்?

'கதை நல்லாத்தான் இருக்கு, ஆனா பாஷை கொஞ்சம் வல்கரா இருக்கு.' உழைக்கிற சனங்களின் பேச்சில் கதை எழுதுகிறவர் எவரும் இந்த வாக்கியத்திலிருந்து தப்பியதில்லை. ஆபாசம் என்று தமிழில் சொன்னால், எதுங்க ஆபாசம் என்று நாம் திருப்பிக் கேட்டுவிடுவோம். வல்கர் என்று சொல்லிவிட்டால் அது ரசனையின் தீர்ப்பாகிவிடுகிறது; அப்பீல் கிடையாது. இந்தச் சொல்லின் சாதிச் சான்றிதழைக் கொஞ்சம் வாங்கிப் பார்ப்போம்.

லத்தீனில் 'வுல்கஸ்' என்றால் சனம். 'வுல்காரிஸ்' என்றால் சனங்களுக்கு உரியது, எல்லோரிடமும் புழங்குவது. அவ்வளவுதான். 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரோம் லத்தீனில் பெயர்த்த விவிலியத்துக்குப் பின்னாளில் 'வுல்காத்தா' என்று பெயர் வந்ததும் இந்தப் புழக்கத்தால்தான். சிப்பாயும் வியாபாரியும் அடிமையும் பேசிய லத்தீனை மொழியியலில் வல்கர் லத்தீன் என்கிறார்கள். பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலி எல்லாம் அதன் வயிற்றில் பிறந்தவை. சிசரோவின் செந்நடைக்கு அந்தப் பிள்ளைப்பேறு வாய்க்கவில்லை. சனங்களின் மொழியே மேலானது என்று 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாந்தே வாதிட்ட நூலின் தலைப்பிலேயே இச்சொல் உட்கார்ந்திருக்கிறது. (அதைப் பண்டிதர்களுக்கு லத்தீனில்தான் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது என்பது வேற கதை.)

14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் 'பொதுவான' என்பதே பொருள். 1/2, 3/4 போன்றவற்றை ஆங்கிலக் கணக்குப் புத்தகங்கள் வல்கர் பின்னம் என்றன. அரையிலும் முக்காலிலும் என்ன அசிங்கம் கண்டார்கள்? 17ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் 'பண்பற்ற', 'கீழ்த்தரமான' என்கிற பொருள் அதன்மேல் ஏறுகிறது. இது ஒரு சொல்லின் தனி விதியல்ல. பண்ணையில் உழைத்தவனைக் குறித்த சொல் 'வில்லன்' ஆனது. நல்ல குடியில் பிறந்தவனைக் குறித்த 'ஜென்டில்' மென்மையும் கனிவும் ஆனது. மேலே இருந்தவன் குணவான், கீழே கிடந்தவன் அயோக்கியன். அகராதியும் சொத்துப் பத்திரம் மாதிரிதான் எழுதப்பட்டிருக்கிறது.

நம்மிடம் மட்டும் என்ன வாழுது? வழக்கு என்பது உயர்ந்தோருக்கு உரியது என்று தொல்காப்பிய மரபியல் எப்போதோ சொல்லிவிட்டது. பேச்சுத்தமிழுக்கு நாம் வைத்த பெயர் கொச்சை. அந்தக் கொச்சையையே இடதுசாரித் தோழர்கள் 'கொச்சை மார்க்சியம்' என்று திரிபுக்கும் பெயராக்கினார்கள். 1867இல் வந்த 'மூலதன'த்தில் மார்க்ஸ் யாரை வல்கர் என்றார்? மேல்தோற்றத்தோடு நின்றுகொண்டு முதலாளிகளின் எண்ணங்களுக்கு இலக்கணம் எழுதிய பொருளாதாரப் பண்டிதர்களை. வசவு அங்கே மேல்நோக்கிப் பாய்ந்தது. தமிழில் அது கொச்சையாகி, பேசுகிற சனத்தின் தலையிலேயே வந்து விழுகிறது.

அப்ப எதையுமே கண்டிக்கக் கூடாதா என்று கேட்கலாம். தாராளமாகக் கண்டிப்போம். சினிமாவின் இரட்டை அர்த்த வசனம் பெண்ணைக் கேவலப்படுத்தினால் அதை ஆணாதிக்கம் என்று பெயர் சொல்லி அடிப்போம். வல்கர் என்ற சொல், அந்த வசனத்தையும் நடவு வயலில் ஒரு கிழவி வாய்விட்டுத் திட்டுவதையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறது. அந்தக் கிழவிக்கு அவள் வசவு ஆயுதம். வேறு ஆயுதம் அவள் கையில் தரப்படவும் இல்லை.

இனி ஒரு பிரதியை வல்கர் என்று யாராவது ஒதுக்கினால் கோபப்பட வேண்டாம். அந்தச் சொல்லின் பழைய பொருளைச் சொல்லி, 'ஆமாங்க, சனங்களோடதுதான், உங்களுக்கு அதுல என்ன சிக்கல்?' என்று கேளுங்கள்.