அச்சச் சிறுகதையும் சிறு பதிப்பகமும்

அச்சத்தை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்த தொல்காப்பியர், அது பிறக்கும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினைக் கூறினார். இந்நான்கும் அஞ்சுவோனுக்குப் புறத்தே நிற்பன. இருபதாம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் எழுந்த அச்சச் சிறுகதைகளைப் பயில்வார்க்கு ஐந்தாவதொரு களனும் உண்டோ என்னும் ஐயம் எழுதல் இயல்பு. அவ்வையத்தை எழுப்பும் கதைகளுட் பல, பெரும் பதிப்பகத்தார் ஏற்க மறுத்தமையால், சிறு பதிப்பகங்களின் வாயிலாகவே நூல்வடிவம் பெற்றன. அவற்றைக் காத்த கை, காத்தலோடு அமைந்ததா என்பதே ஈண்டு ஆராயப்படுவது. சான்றாகக் கொள்ளப்பட்டது, அமெரிக்க நாட்டு விசுகான்சின் மாநிலத்துச் சாக் சிட்டி என்னும் சிற்றூரில் 1939இல் தோன்றிய ஆர்க்கம் ஹவுஸ் ஆகும்.

எச். பி. லவ்கிராப்ட் (1890–1937) தம் கதைகளைப் பெரும்பாலும் 'வியர்டு டேல்ஸ்' என்னும் இதழில் வெளியிட்டவர். 1923இல் தொடங்கிய அவ்விதழ் மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சாகியது. படித்தபின் எறியப்படும் இனத்தது. ஆசிரியர் வாழ்நாளில் நூலாக வெளிவந்த கதை ஒன்றே. 'இன்சுமத் ஊரின் நிழல்' என்று பொருள்படும் அக்கதையை வில்லியம் கிராபோர்டு என்னும் தனியார் ஒருவர் 1936இல் அச்சிட்டார். கட்டடம் செய்யப்பெற்ற படிகள் ஏறத்தாழ இருநூறே. அச்சுப் பிழைகளோ மிகப் பல. லவ்கிராப்ட் மறைந்தபின் அவர்தம் கடித நண்பர்களாகிய ஆகஸ்ட் டெர்லத், டொனால்டு வாண்ட்ரே என்னும் இருவரும் கதைகளைத் தொகுத்துப் பெரும் பதிப்பகத்தார்க்கு அனுப்பினர், அவர்கள் ஏற்றிலர். எனவே நண்பர் இருவரும் தாமே பதிப்பாளர் ஆயினர். டெர்லத் வீடு கட்டுதற்கெனப் பெற்ற கடனில் ஒரு பகுதி அச்சுக்கூலியாயிற்று. முதல் தொகுதி 1,268 படிகள்; விலை ஐந்து டாலர். அவை விற்றுத் தீர நான்கு ஆண்டுகள் ஆயின. பதிப்பகத்தின் பெயராகிய 'ஆர்க்கம்' என்பதும் லவ்கிராப்ட் கற்பனையில் எழுந்த ஊரின் பெயரே. டெர்லத் தம் ஆசிரியரை நேரிற் கண்டதில்லை என்பதும் நினைக்கத்தக்கது.

இத்தொகுதியால் விளைந்த பயன் கதைகள் அழியாமை மட்டுமன்று. இதழில் ஒன்றொன்றாகச் சிதறிக் கிடந்தபோது அவை பேய்க்கதைகள். ஒரு நூலுட் சேர்ந்தபோது ஒருவரது உலகநோக்காகப் புலப்பட்டன. இன்சுமத் கதையையே நோக்குக. இளைஞன் ஒருவன் பாழடைந்த துறைமுகம் ஒன்றினுட் புகுகிறான். அவ்வூரார் கடல்வாழ் உயிர்களோடு கலந்து பிறந்தவர் என அறிந்து அஞ்சி ஓடுகிறான். இம்மட்டும் அச்சத்தின் களன் அணங்கு எனலாம். பின்னரோ, தன் குடிவழியும் அதுவே எனத் தெளிகிறான். கதை முடியுமிடத்து அவனிடம் அச்சம் இல்லை. கடலுட் செல்லும் வேட்கையே உளது. கதைமாந்தன்பால் அச்சம் நீங்கி உவகை பிறக்க, அவ்வுவகை கண்டு பயில்வார்பால் அச்சம் மிகுகின்றது. தொல்காப்பியர் வகுத்த நான்கனுள் எதனுள்ளும் இது முற்ற அடங்காது. களன் அஞ்சுவோன் குருதியே ஆயிற்று. இக்கதைக்கு அடியில் இனக்கலப்பை வெறுக்கும் மனப்பான்மை கிடத்தலையும் மறைத்தல் கூடாது. லவ்கிராப்டின் கடிதங்கள் அதனை வெளிப்படக் காட்டும். கதையின் ஆற்றலும் அதன் மாசும் ஓரிடத்தே பிறந்தன.

இனி டெர்லத்தின் கை. லவ்கிராப்ட் படைத்த பேருருக்கள் மாந்தர்க்குப் பகையும் அல்ல, நட்பும் அல்ல, மாந்தரைப் பொருட்படுத்தாதவை. டெர்லத் அவற்றைத் தீயன என வகுத்து, எதிரே நல்லன சிலவற்றை நிறுத்தி, இரண்டற்கும் போர் கற்பித்தார். போர் உண்டெனின் துணை உண்டு. துணை உண்டெனின் அச்சம் பாதியாகும். இவ்வளவே ஆயின், உரையாசிரியர் ஒருவரின் கருத்து வேறுபாடு எனக் கொண்டு விடலாம். ஆயின் 1957இல் வெளியிட்ட தொகுதி ஒன்றில், லவ்கிராப்டின் குறிப்பேட்டுத் துணுக்குகளைக் கொண்டு ஏழு கதைகளைத் தாமே எழுதி, லவ்கிராப்டின் பெயரையும் ஆசிரியர் பெயராக இட்டார். அவற்றுள் 'மூதாதை' என்னும் கதைக்கு அடிப்படையான குறிப்பு லவ்கிராப்டின் கற்பனையே அன்று. லெனார்டு கிளைன் என்பாரின் புதினத்தைப் படித்து அவர் எழுதிவைத்த கதைச்சுருக்கம் எனப் பின்னர் அறியப்பட்டது. இடைச்செருகலைக் கண்டு பழகிய நம்மனோர்க்கு இது புதிதன்று. எனினும் காத்தவரே செருகியவரும் ஆதல் அரிது.

மூலபாடத்தை மீட்டவர், புனே நகரிற் பிறந்து அமெரிக்காவில் வாழும் எஸ். டி. ஜோஷி. பிரவுன் பல்கலைக்கழக நூலகத்திலுள்ள கையெழுத்துப் படிகளையும் தட்டச்சுப் படிகளையும் ஒப்பிட்டு அவர் திருத்திய பதிப்புகள் 1984 முதல் வெளிவந்தன. அவற்றை வெளியிட்டதும் ஆர்க்கம் ஹவுஸே என்பது, அப்பதிப்பகத்தைக் குறித்து ஒருதலையாக முடிவு கூறுவாரைத் தடுத்தல் வேண்டும். 1971இல் மறைந்த டெர்லத் அவற்றைக் காணவில்லை.

டெர்லத்தின் தலையீடு எல்லாவிடத்தும் கேடு பயந்தது என்றலும் பொருந்தாது. 1946இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிற் பிறந்த ராம்சே காம்பெல், இளமையில் லவ்கிராப்டைப் பின்பற்றி, தாம் கண்டறியாத அமெரிக்க ஊர்களைக் களனாக வைத்துக் கதைகள் எழுதி அனுப்பினார். அவற்றை இங்கிலாந்துக்கு மாற்றுமாறு டெர்லத் அறிவுறுத்தினார். காம்பெல் செவர்ன் ஆற்றுப்பாங்கில் பிரிச்செஸ்டர் என்னும் ஊரைப் படைத்தார். 1964இல் அவருடைய முதல் தொகுதியை ஆர்க்கம் ஹவுஸ் வெளியிட்டபோது அவருக்கு வயது பதினெட்டு. அக்கதைகளில் ஊர் மாறிற்றே அன்றி நடை மாறவில்லை. இரவல் சட்டை தோளிற் பொருந்தாமை தெளிவாகத் தெரியும். எனினும் விதை அதுவே. அதே பதிப்பகம் 1973இல் வெளியிட்ட இரண்டாம் தொகுதியில் பேருருக்கள் பெரும்பாலும் விலகுகின்றன. நகரத் தெருவும், நட்பின் கசப்பும், தன் கண்ணையே நம்ப இயலாத உள்ளமும் அச்சத்தின் களன்கள் ஆகின்றன. நிகழ்ந்தது புறத்ததோ அகத்ததோ என்பதைக் கதை தீர்த்துச் சொல்வதில்லை. நல்லதும் தீயதும் பொருதும் டெர்லத்தின் ஏற்பாட்டுக்கு இத்தொகுதியில் இடமே இல்லை.