நாலாவது துண்டு ரொட்டி

சேலம், நாமக்கல் பக்கத்தில் நர்சிங் முடித்த பெண்களும் என்ஜினியரிங் முடித்த பையன்களும் ஜெர்மன் வகுப்புக்குப் போகிறார்கள். ஜெர்மனியில் செவிலியராகப் பதிவு பெறப் பொதுவாக பி2 என்ற மொழித் தேர்ச்சி நிலையைக் கேட்கிறார்கள். அதற்கு முந்தைய படி பி1. கோதே நிறுவனத்தின் பி1 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 வாங்க வேண்டும். அதனால் கையில் எப்போதும் மாடல் டெஸ்ட் தாள்தான்: வாடகை வீட்டு விளம்பரம், ரயில் அறிவிப்பு, பிறந்தநாள் அழைப்பு. அவை தேவைதான். மனம் நிறையும்படி வாசிக்க அவற்றில் ஒன்றுமில்லை.

பி1 சங்கடமான படி. மனம் வளர்ந்துவிட்டது, மொழி இன்னும் வளரவில்லை. குழந்தைக் கதை கொடுத்தால் சலிக்கும். நாவலாசிரியர் தாமஸ் மன்னைக் கொடுத்தால் அகராதி புரட்டியே பொழுது போகும். சொல் எளிதாகவும் விஷயம் பெரியவர்களுக்கானதாகவும் இருக்கிற எழுத்துதான் இங்கே வேண்டும். அப்படிப்பட்டதில் முதலில் நான் எடுத்துக் கொடுப்பது வோல்ஃப்காங் போர்ஷெர்ட் 1946இல் எழுதிய ‘டாஸ் ப்ரோட்’, அதாவது ‘ரொட்டி’. ஹாம்பர்க்கில் பிறந்து, போருக்கு அனுப்பப்பட்டு, 1947இல் 26 வயதில் இறந்துபோனவர் அவர். கதை இரண்டு பக்கம்கூடத் தாண்டாது.

ராத்திரி இரண்டரை மணி. சமையலறையில் சத்தம் கேட்டு ஒரு பெண் எழுந்து வருகிறாள். கணவர் நிற்கிறார். மேசையில் தட்டு, கத்தி, விரிப்பில் ரொட்டித் துகள். அளந்து கொடுக்கும் பஞ்சகாலத்து ரொட்டியை அவர் திருட்டுத்தனமாக வெட்டித் தின்றிருக்கிறார். கல்யாணமாகி 39 வருடம். ஏதோ சத்தம் கேட்டதுபோல இருந்தது என்கிறார் அவர். தனக்கும் கேட்டது என்கிறாள் இவள். கூரைத் தண்ணீர்க் குழாய் காற்றில் ஆடியிருக்கும் என்று இருவரும் சேர்ந்து முடிவு கட்டுகிறார்கள்.

இந்தப் பொய்யை அவர்கள் ஏறக்குறைய அதே சொற்களில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். புதிய சொல்லைப் பலமுறை பார்த்தால்தான் அது மனதில் நிற்கும் என்பது படிக்கிற பிள்ளைக்குத் தெரியும். வேறெதையும் பேசத் துணியாதவர்கள் ஒரே பேச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள் என்பது போர்ஷெர்ட்டுக்குத் தெரியும். மாணவருக்குப் பயிற்சியாக இருப்பது கதையில் வேதனையாக இருக்கிறது. இருவருக்கும் கதையில் பெயர் கிடையாது; அவன், அவள் மட்டும்தான். மற்றவர் எவ்வளவு கிழடாகத் தெரிகிறார் என்று இருவருமே மனதுக்குள் நினைக்கிறார்கள். அவள் விளக்கை அணைக்கிறாள். அணைக்காவிட்டால் அந்தத் தட்டைப் பார்த்தாக வேண்டியிருக்கும். ஒரு ஸ்விட்சைத் தட்டுவதில் இத்தனை கண்ணியத்தை வைக்க முடிகிறது.

பிறகு படுக்கை. இருட்டில் அவர் மெல்ல மெல்லச் சவைப்பது அவளுக்குக் கேட்கிறது. தான் விழித்திருப்பது தெரியக்கூடாதென்று வேண்டுமென்றே சீராக மூச்சு விடுகிறாள். அந்தச் சவைப்பின் சீரே தாலாட்டாகி அவள் தூங்கிப்போகிறாள். ஜெர்மன் துணைவாக்கிய விதிப்படி இங்கே வினை கடைசியில் நிற்கிறது. சவைத்தல், அதன் ஒழுங்கு, அவள், எல்லாம் வந்த பிறகுதான் தூக்கம் வருகிறது. ஆங்கிலம் வழியாக ஜெர்மனுக்குள் போகிறவர் இந்த இடத்தில் தடுமாறலாம். தமிழில் வளர்ந்தவருக்கு வினைக்காகக் காத்திருப்பது பழகிய சுகம்.

மறுநாள் மாலை அவர் முன்னால் நான்கு துண்டு வைக்கிறாள். அதுவரை மூன்றுதான். இந்த ரொட்டி தனக்குச் சரியாக ஒத்துக்கொள்வதில்லை என்கிறாள். அவர் நிமிராமல் தட்டின்மேல் குனிகிறார். நீ இரண்டு மட்டும் தின்றால் எப்படி என்று கேட்கிறார். மன்னிப்பு என்ற பேச்சே கதையில் இல்லை. இரண்டு, மூன்று, நான்கு என்று ஏ1 வகுப்பில் முதலில் படித்த எண்களே அவ்வளவையும் சுமக்கின்றன.

இதற்கடுத்து யோஹன் பீட்டர் ஹேபெல் 1811இல் வெளியிட்ட தொகுப்பில் உள்ள ‘எதிர்பாராத மறுசந்திப்பு’. ஸ்வீடனின் ஃபாலூன் சுரங்கத்துக்குப் போன மாப்பிள்ளை திரும்புவதில்லை. அப்புறம் ஒரே பத்தியில் ஐம்பது வருடம்: லிஸ்பன் பூகம்பம், பேரரசர்களின் சாவு, பிரெஞ்சுப் புரட்சி. பின்னாலேயே உழவர் விதைத்து அறுக்கிறார், மாவு அரைபடுகிறது, கொல்லர் சம்மட்டி அடிக்கிறார், சுரங்கத்தார் தோண்டுகிறார். எல்லாம் குட்டிக் குட்டி இறந்தகால வாக்கியங்கள். அந்தத் தோண்டலில்தான் இளமை மாறாத உடல் மேலே வருகிறது. ஜெர்மன் இறந்தகாலத்துக்கு இதைவிட நல்ல பாடம் நான் பார்த்ததில்லை.

பி2 தொட்டவருக்குச் சொந்த மண்ணே காத்திருக்கிறது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) நாவல் ஜெர்மனில் ‘சூர் ஹெல்ஃப்டே ஐனே ஃப்ராவ்’ என்று ஹைடல்பெர்கின் திரௌபதி பதிப்பகத்தில் வந்திருக்கிறது. அதில் வரும் காளியும் பொன்னாவும், பூவரச மரமும், தொண்டுப்பட்டியும், திருச்செங்கோட்டு மலையும் தெரிந்தவர்களுக்கு நீண்ட வாக்கியத்தில் வழி தவறாது. தெரியாத சொல்லை ஊர் சொல்லிக்கொடுக்கும்.

வகுப்பு எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேர்வுத் தாளிலிருந்து இரண்டு மணி நேரத்தை எடுத்து ‘ரொட்டி’க்குக் கொடுங்கள், வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். இந்தப் பெண்களில் சிலர் நாளை ஜெர்மன் முதியோர் இல்லங்களில் மாலைச் சாப்பாட்டுத் தட்டு எடுத்து வைப்பார்கள். அங்கே இருக்கும் மிக மூத்தவர்களில் பலர் 1946இன் பசியைச் சிறுவயதில் பார்த்தவர்கள். ரொட்டியை வீணாக்க அவர்களுக்கு ஏன் மனம் வராது என்பதை அறிந்து பக்கத்தில் நிற்கும் செவிலியர், மொழியோடு அந்த மனிதர்களையும் படித்தவர். 60 மதிப்பெண்ணுக்கு மேலே நாம் கொடுக்க வேண்டிய படிப்பு அது.