செஞ்சி ஏலமும் உஸ்பெக் பருத்தியும்

செஞ்சிக் கோட்டைக்கு வருகிறவர்கள் ராஜகிரி அடிவாரத்து நெற்களஞ்சியத்தைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அரசுக்கும் நெல்லுக்கும் இன்றிருக்கும் உறவைப் பார்க்க ஊருக்குள் இருக்கும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குத்தான் போக வேண்டும். சென்னை மாகாணத்தில் 1933இல் வந்த சட்டத்தில் வேரூன்றி, இப்போது 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடக்கும் ஏற்பாடு இது.

மூட்டைகள் லாட் லாட்டாகக் களத்தில் அடுக்கப்படும். வியாபாரிகள் ஒரு பிடி நெல்லை அள்ளித் தேய்த்து, அரிசியைப் பார்த்து, பல்லில் கடித்து, விலையைச் சீட்டில் எழுதிப் போடுவார்கள். அதிக விலை எழுதியவருக்குச் சரக்கு. விலை பிடிக்காவிட்டால் விவசாயி மறுக்கலாம். எடைபோடுவது அதிகாரியின் கண்முன் நடக்கிறது. கட்டணத்தை வியாபாரிதான் கட்ட வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் அருமை, இது இல்லாத இடத்தைப் பார்த்தால்தான் விளங்கும். பொதுவுடைமை ஆட்சி முடிந்த நாடுகளில் கொள்கை வகுத்தவர்கள், அரசு விலகிக்கொண்டால் சந்தை தானே முளைத்துவிடும் என்று நம்பினார்கள். 1992 ஜனவரி 2இல் ரஷ்யா பெரும்பாலான விலைக் கட்டுப்பாடுகளை ஒரே நாளில் நீக்கியது. டீசல், உர விலை ஏறிய வேகத்தில் விளைபொருள் விலை ஏறவில்லை. உஸ்பெகிஸ்தான் நேர் எதிர்: எவ்வளவு பருத்தி, என்ன விலை என்பதை அரசே தீர்மானிக்கும் முறையை 2020 வரை விடவில்லை. விட்டபோது அந்த இடத்துக்கு வந்தவை 'கிளஸ்டர்' நிறுவனங்கள். விதையும் உரமும் முன்கடனாகக் கொடுத்து, பருத்தியைத் தாங்களே எடுத்துக்கொண்டன. பல மாவட்டங்களில் ஒரே நிறுவனம்தான். முன்பு அரசுக்குக் கட்டுப்பட்ட விவசாயி இப்போது கம்பெனிக்குக் கட்டுப்பட்டார். பணம் தாமதமாவதாகப் புகார் எழுந்தது. நம் நாட்டிலும் பீகார் 2006இல் விற்பனைக் கூடச் சட்டத்தையே நீக்கியது. களம் போனதும் பெரும்பாலான விவசாயிகளுக்கு ஊர் வியாபாரியே கதி.

ஒரே நாளில், ஒரே களத்தில், ஒரு விவசாயியின் நெல்லைப் பல பேர் பார்ப்பதுதான் செஞ்சிக் கூடத்தின் பலம். அதை உருவாக்கியது அரசு. ஆனால் அதே அரசு அந்தப் பலத்தைப் பாதியில் விட்டுவிடுகிறது.

சீட்டில் விலை எழுதிப் போடும் இந்த மறைமுக ஏலத்தில் வியாபாரிகளுக்குள் முன்பேச்சு இருந்தால் சீட்டு வெறும் சடங்கு. யார் எவ்வளவு எழுதினார்கள், யார் எழுதவே இல்லை என்பது விவசாயிக்குத் தெரியாது. வரத்து குவியும் நாட்களில் விலை சரிந்து, விவசாயிகள் சாலை மறியலில் உட்காருவதைச் செய்தித்தாள்களில் படிக்கிறோம். சட்டம் தரும் மறுக்கும் உரிமையை வாடகை டிராக்டரில் மூட்டை ஏற்றி வந்தவர் எப்படிப் பயன்படுத்துவார்? திருப்பிக் கொண்டுபோக மறுபடி வாடகை. வானம் வேறு இருட்டிக்கொண்டு வரும். கிடங்கில் இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கலாம்தான். கதிர் அறுக்கும் இயந்திரத்துக்கும் உரக்கடைக்கும் நாளைக்கே முழுப் பணம் தரவேண்டியவருக்கு அது எப்படிப் போதும்?

அதைவிட ஆழமான குறை நிர்வாகத்தில் இருக்கிறது. விவசாயிகளும் இடம்பெற வேண்டிய சந்தைக் குழுக்களின் அதிகாரத்தைத் தனி அலுவலர்களிடம் கொடுத்துவைக்கும் பழக்கம் தமிழ்நாட்டில் வேரோடியிருக்கிறது. மாற்றலாகிப் போகும் அதிகாரிக்குக் களத்தின் மேற்கூரை ஒரு கோப்பு. விவசாயிக்கு அது நனையாத நெல். மாஸ்கோவிலும் தாஷ்கண்டிலும் திட்டங்கள் மேலிருந்தே இறங்கின. இங்கே நடப்பதும் சிறிய அளவில் அதுதான்.

2020இல் வந்து 2021இல் திரும்பப் பெறப்பட்ட மத்திய வேளாண் சட்டங்களின் விவாதம், கூடம் வேண்டுமா வேண்டாமா என்பதிலேயே சுற்றியது. செஞ்சிக்கு அது பயனற்ற கேள்வி. ஒவ்வொரு லாட்டுக்கும் வந்த எல்லாச் சீட்டுகளையும் விலையோடு பலகையில் எழுதச் சொன்னால் யார் எதிர்ப்பார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம்; செலவு ஒரு சாக்பீஸ்தான்.