இரு தலைவரும் ஒரு வழக்கும்

படக்கதை என்றதும் அது சிறுவர்க்குரிய பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது நம்மவரிடையே நெடுநாளாக உள்ள வழக்கம். ஆயினும், அமெரிக்க நாட்டு அதிசய வீரர் கதைகளைத் தொடர்ந்து படிப்போர் தமக்குள் நடத்தும் வாதங்களைச் சற்றே செவிமடுத்தால் அவ்வெண்ணம் தளரும். எவன் வலியன், எவன் விரைந்து பறப்பான் என்னும் கேள்விகளோடு அவர்கள் நின்றுவிடுவதில்லை. தலைவனாகத் தக்கவன் யார்? வீரன் அரசின் ஆணைக்கு அடங்க வேண்டுமா? நண்பன் எதிரணியில் நின்றால் செய்யத்தக்கது யாது? இவையே அவர்கள் ஓயாது வழக்காடும் பொருள்கள்.

இவ்வழக்குகளுள் தலையாயது, மார்வெல் நிறுவனத்தார் 2006-07ஆம் ஆண்டுகளில் ஏழு பகுதிகளாக வெளியிட்ட ‘சிவில் வார்’ என்னும் கதையைப் பற்றியது. உள்நாட்டுப் போர் என்பது அதன் பொருள். மார்க் மில்லர் எழுத, ஸ்டீவ் மக்னிவன் படம் வரைந்தார். இருவருள் எவர் பக்கம் நிற்கிறாய் என்று வாசகரையே வினவி விளம்பரம் செய்யப்பட்ட கதை அது. வாசகரும் விடை கூறினர். இன்னும் கூறி முடித்தபாடில்லை.

கதைப்போக்கு இது: கனெக்டிகட் மாநிலத்து ஸ்டாம்ஃபோர்டு நகரில், தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகக் கொடியவரைப் பிடிக்கச் சென்ற இளவீரர் சிலரின் முயற்சி பெருவெடிப்பில் முடிகிறது. அருகிலிருந்த பள்ளிக் குழந்தைகள் உட்பட அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டுபோகின்றனர். மக்கள் கொதித்தெழுகின்றனர். அதிசய ஆற்றல் உடையோர் அனைவரும் தம் பெயரை அரசிடம் பதிந்து, அதன் ஆணைப்படி பணியாற்ற வேண்டும் என்று சட்டம் பிறக்கிறது. அயர்ன் மேன் எனப்படும் டோனி ஸ்டார்க் அச்சட்டத்தை முன்னின்று செயற்படுத்துகிறார். கேப்டன் அமெரிக்கா எனப்படும் ஸ்டீவ் ரோஜர்ஸ் அதனை ஏற்க மறுத்துத் தலைமறைவுப் படையொன்றுக்குத் தலைவராகிறார். நெடுநாள் தோழர் இருவர் பகைவராகின்றனர்.

ஸ்டார்க் பக்கம் நிற்கும் வாசகர் கூறுவது: ஊரையே அழிக்கவல்ல ஆற்றல் ஒருவனிடம் இருந்தால், காவலருக்கு உள்ளது போன்ற பயிற்சியும் கட்டுப்பாடும் அவனுக்கும் வேண்டாவா? ரோஜர்ஸ் பக்கம் நிற்போர் கூறுவது: அச்சத்தில் பிறந்த சட்டம் உரிமையைத் தின்னும், இன்று பெயரைக் கேட்கும் அரசு நாளை யாரைத் தாக்கு என்று ஆணையிடுமோ? 2001ஆம் ஆண்டு நியூயார்க்கில் நிகழ்ந்த தாக்குதலையும், அதனை அடுத்து அந்நாட்டில் வந்த கடுஞ்சட்டத்தையும் நினைவில் வைத்தே பலர் இக்கதையைப் படித்தனர். ஆதலின் வாதத்தில் சூடு மிகுந்தது வியப்பன்று.

இனி, இவ்விரு தலைவரின் தகுதியை ஆராய்வோம். ரோஜர்ஸை ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் படைத்தனர். அமெரிக்கா உலகப் போரில் இறங்குமுன்னரே, 1941 மார்ச் எனத் தேதியிட்ட முதல் இதழின் அட்டையில் அவர் ஹிட்லரின் முகத்தில் குத்துவிட்டார். எனினும் அவருடைய பெருமை பதவியை ஏற்றதால் வந்ததன்று, மறுத்ததால் வந்தது. வாட்டர்கேட் ஊழல் நாட்டை உலுக்கிய 1974இல், மேலிடத்துச் சதியொன்றைக் கண்டு மனமுடைந்து தம் பெயரையே துறந்தார். 1980இல் வந்த 250ஆம் இதழில், குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட ஒரு கட்சியார் அழைத்தபோது, எண்ணிப் பார்த்து வேண்டாமென்றார். இவ்வரலாற்றை அறிந்த வாசகர் அவரை நம்புவது இயல்பே.

ஆனால் ஈண்டு ஒரு கேள்வி எழுகின்றது. பதவியை மறுத்தவர் படையைத் திரட்டும்போது அவர் யாருக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்? அவருடைய நல்ல மனச்சான்று ஒன்றே நமக்குப் பிணை. நல்லவர் கையில் அது போதும். அடுத்து வருபவர் கையில்?

ஸ்டார்க்கின் நிலையோ இதனினும் இரங்கத்தக்கது. யாவரும் சட்டத்திற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தொடங்கிய அவர், பதியாதவரை வேற்றுலகச் சிறையில் விசாரணையின்றி அடைக்கிறார். தோர் என்னும் வீரரைப் போல அவர் பக்கத்தார் செய்த செயற்கைப் படைப்பு, கோலியாத் என்னும் பழைய தோழரைக் கொன்றுவிடுகிறது. பொறுப்பை நிலைநாட்ட வந்தவர் எவராலும் வினவப்படாதவர் ஆகிவிடுகிறார்.

கதையின் குறையும் இங்கேதான் உள்ளது. அச்சட்டம் உண்மையில் என்ன கூறுகிறது என்பது தெளிவாக இல்லை. முதன்மைக் கதையை ஒட்டிப் பலர் எழுதிய துணைக்கதைகளில் அது ஒரிடத்தில் வெறும் பதிவு. மற்றோரிடத்தில் கட்டாயப் படைச்சேர்ப்பு. வழக்கின் மூல ஓலையே இதழுக்கு இதழ் மாறினால் தீர்ப்பு எவ்வாறு நேராகும்? ஆகவேதான் வாசகர் பலர் சட்டத்தை எடைபோடாமல், தமக்குப் பிடித்த ஆளை எடைபோட்டுத் தீர்ப்புக் கூறிவிட்டனர்.

இதற்கு மாறாக, உறவுகள் முறியும் இடங்களில் ஆசிரியரின் கை நடுங்கவில்லை. ரீட் ரிச்சர்ட்ஸ் சட்டத்தின் பக்கம். அவர் மனைவி சூசன் கடிதம் எழுதி வைத்துவிட்டு எதிரணிக்குச் செல்கிறார். ஸ்டார்க்கை நம்பிச் செய்தியாளர் முன் முகமூடியைக் கழற்றிய ஸ்பைடர் மேன், பின்னர் அந்நம்பிக்கை பொய்த்து அணி மாறுகிறார். திருவள்ளுவர் நட்பைப் பற்றிய அதிகாரங்களைப் பொருட்பாலில், அரசும் அமைச்சும் பேசும் பகுதியிலேயே வைத்தார். தலைமைக்கும் தோழமைக்கும் உள்ள தொடர்பு எத்தகையது என்பதற்கு அவ்வைப்பு முறையே சான்று. தோழர் சொல்லைக் கேளாத தலைவன் தவறுவான். தோழரை மட்டுமே கேட்பவனும் தவறுவான்.

2016இல் வந்த திரைப்படம் இச்சமநிலையை இழந்தது. 117 நாடுகள் ஏற்ற உடன்படிக்கையைப் பற்றிய வாதமாகத் தொடங்கி, ஸ்டார்க்கின் பெற்றோரைக் கொன்றவன் ரோஜர்ஸின் பழைய நண்பனே என்று வெளிப்பட்டதும், தனிமனிதப் பழியாகச் சுருங்கிவிடுகிறது. அது நெஞ்சை உருக்குவது உண்மை. ஆனால் உடன்படிக்கை சரியா என்ற கேள்வி அந்த அடிதடியில் விடையின்றிக் கிடக்கிறது.

படக்கதையின் ஏழாம் பகுதி அவ்வாறு நழுவவில்லை. நியூயார்க் வீதியில் ரோஜர்ஸ் ஸ்டார்க்கை வீழ்த்தி இறுதி அடி கொடுக்க ஓங்கும் நேரத்தில் சிலர் பாய்ந்து அவரைப் பிடித்துக்கொள்கின்றனர். அவர்கள் அதிசய வீரர் அல்லர். தீயணைப்பாளர், மருத்துவ உதவியாளர் போன்ற எளிய மக்கள். அவர்களை உதறித் தள்ள அவருக்கு ஒரு நொடி போதும். ஆனால் அவர் சுற்றிலும் பார்க்கிறார்: இடிந்த கட்டடங்கள், எரியும் வீதி, அஞ்சி நிற்கும் மக்கள். முகமூடியைக் கழற்றிக் கைகளை விலங்குக்கு நீட்டுகிறார்.

வாசகர் பலர் இதனைத் தோல்வி என்றும், பாத்திரத்திற்குச் செய்த துரோகம் என்றும் சினந்தனர். யாம் அவ்வாறு கருதவில்லை. கதை முழுவதிலும் இரு தலைவரும் மக்களின் பெயரால் பேசினர். அம்மக்கள் கை நீட்டித் தடுத்தது இவ்வோரிடத்திலேதான். தம்மினும் வலிமை குன்றியோர் ‘போதும்’ என்று தடுத்தபோது நின்றவர் ரோஜர்ஸ். அந்நொடியில் அவர் சட்டத்திற்குப் பணியவில்லை, மக்களுக்குப் பணிந்தார். அவர் ஏந்திய கேடயத்தைக் காட்டிலும் அச்செயலே அவரைத் தலைவராக்குகிறது. வென்ற ஸ்டார்க்கோ பதவி உயர்வு பெறுகிறார். அவரைப் பிடித்து நிறுத்த ஒருவரும் வரவில்லை. அதுவே அவருடைய தோல்வி. 2007இலேயே நீதிமன்றப் படியில் ரோஜர்ஸ் சுடப்பட்டு வீழ்ந்ததும், அவர் உடலின் முன் ஸ்டார்க் அழுததும் அதன் பின் வந்த இதழ்களின் செய்திகள்.

இக்கதைகளை நம் மாணவர் படிக்கின்றனர், திரையில் காண்கின்றனர், பக்கம் பிரிந்து வாதிடுகின்றனர். அவ்வாதத்தைத் தமிழாசிரியர் தடுக்க வேண்டுவதில்லை; வகுப்பிற்குள் அழைத்துக்கொள்ளலாம். யார் பக்கம் நிற்கிறாய் என்பதோடு நிறுத்தாமல், உன் தலைவன் யாருக்கு விடை சொல்வான், யார் தடுத்தால் நிற்பான் என்றும் கேட்கட்டும். விடை தேடும் பிள்ளை படக்கதையையும் நன்றாகப் படிக்கும். நாளை வாக்குச்சாவடியிலும் விழிப்பாக நிற்கும்.