தலைமுறைக்கு ஒருத்தியா?

காசிமாவைப் பற்றி எனக்கும் ஒரு நண்பருக்கும் சின்னத் தகராறு. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் ஒற்றையர், இரட்டையர், குழு ஆட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வாங்கி வந்தாரே, புது வண்ணாரப்பேட்டைப் பெண், அவரைப் பற்றித்தான். அப்போது அவருக்கு வயது 17. "தலைமுறைக்கு ஒருத்திதான் ஐயா இப்படிப் பிறப்பாள்" என்றார் நண்பர். பிறவியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆட்டத்தைப் பற்றிப் பேசுவோம் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில் நான் படித்த பாராட்டுரைகளில் தந்தையின் ஆட்டோவைப் பற்றிப் பல வரிகள் இருந்தன. மகளின் ஆட்டத்தைப் பற்றி ஒன்றிரண்டு வரி இருந்தால் அதிகம். ஏழ்மையைச் சொல்வது தவறல்ல. ஆனால் ஒரு பாடகியின் கச்சேரியைப் பற்றி எழுத வந்தவர் அவர் வீட்டுக் கூரையைப் பற்றியே எழுதிவிட்டுப் போனால் அதை விமரிசனம் என்று யாராவது சொல்வார்களா?

கேரம் நமக்கெல்லாம் தெரிந்த விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கோடை விடுமுறையில் ஆடியிருக்கிறோம், ரெட்டைப் போட்டு ஃபாலோ போடத் தவறி அசடு வழிந்திருக்கிறோம். போட்டி ஆட்டம் வேறு. அங்கே கணக்கு 25 புள்ளி. அல்லது எட்டுப் பலகை. தன் ஒன்பது காய்களையும் முதலில் போட்டு முடித்தவருக்கு, எதிராளியிடம் மிச்சமிருக்கும் காய்தான் புள்ளி. சிவப்புக்கு மூன்று. ஆனால் 22 புள்ளியைத் தொட்டுவிட்டவருக்குச் சிவப்பினால் ஒரு லாபமும் இல்லை. ஆகவே கடைசிக் கட்டத்தில் முன்னணியில் இருப்பவர் ஒரு மாதிரியும் பின்தங்கியவர் வேறு மாதிரியும் சிவப்பைப் பார்க்கிறார்கள். அது மட்டுமல்ல. போட முடியாத காயை என்ன செய்வது என்பதில்தான் ஆட்டக்காரரின் தரம் இருக்கிறது. எதிராளியின் வழியை அடைத்து நிறுத்தலாம். தன் காயைக் குழி வாயில் கொண்டுபோய் வைத்துக் காத்திருக்கலாம். குழியில் விழுந்த காய்க்குக் கை தட்டுகிறோம். தடுத்து வைத்த காய்க்கு யாரும் தட்டுவதில்லை.

ஒற்றையரில் காசிமா வென்றது ரஷ்மி குமாரியை. பீகாரைச் சேர்ந்த அவர் மூன்று முறை உலக சாம்பியனாக இருந்தவர். தடுத்து ஆடவும் காத்திருக்கவும் பல ஆண்டுகள் பழகியவர். அப்படிப்பட்டவரை 17 வயதில் வெல்லக் கை வேகம் மட்டும் போதாது, பொறுமையும் வேண்டும். அந்த வயதில் அது அபூர்வம் என்று தாராளமாகச் சொல்வேன். இதுவரை நண்பரோடு எனக்குச் சண்டை இல்லை.

"தலைமுறை" என்ற சொல்லில்தான் சண்டை. சென்னைக்காரரான மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலகப் பட்டம் பெற்றார். தேசியப் பட்டம் ஒன்பது முறை. 1996-க்கான அர்ஜுனா விருதும் கேரத்துக்காக அவருக்குக் கிடைத்தது. அவரைத் தலைமுறைக்கு ஒருவர் என்று சொல்ல நான் தயங்கமாட்டேன். ஏனென்றால் ஒரு வாரத்து வெற்றி அல்ல அது, வருஷக்கணக்கான வெற்றி. காசிமாவுக்கு அந்த வருஷங்கள் இனிமேல்தான் வரவேண்டும். 2008-இல் பிரான்சில் கான் நகரத்தில் உலக சாம்பியனான வியாசர்பாடி இளவழகியை இன்று எத்தனை பேர் கேட்டவுடனே நினைவுகூர்வார்கள்? நண்பருக்கே நான்தான் சொல்லவேண்டியிருந்தது.

இன்னொன்றும் உண்டு. வியாசர்பாடி, புது வண்ணாரப்பேட்டை, காசிமேடு எல்லாம் ஒன்றுக்கொன்று எட்டிப் பிடிக்கிற தூரம். துறைமுகமும் தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கிற இடத்தில் மைதானம் ஏது? ஒரு பலகை, ஒரு விளக்கு, கொஞ்சம் பவுடர், நான்கு பேர் சுற்றி நிற்க இடம், இவ்வளவு போதும் கேரத்துக்கு. அகில உலகக் கேரம் சம்மேளனமே 1988-இல் சென்னையில்தான் பிறந்தது. சினிமாக்காரர்கள் இந்தப் பகுதிக்கு வந்தால் கத்தியைத்தான் தேடுவார்கள். ஆனாலும் 2018-இல் வெளிவந்த 'வடசென்னை'யில் கதாநாயகனைக் கேரம் ஆட வைத்தார்கள். அந்த அளவுக்குக் கண் இருந்தது, சந்தோஷம். ஒரு பெண்ணை மட்டும் அதிசயம் என்று தனியாகத் தூக்கி வைத்தால், அவளைச் சுற்றி அதே பலகையில் விரல் தேய ஆடுகிற மற்றப் பிள்ளைகள் கண்ணில் படாமல் போய்விடுகிறார்கள். அந்தப் பெண்ணுக்கும் அடுத்த போட்டியில் தோற்கிற உரிமை இல்லாமல் போகிறது. 18 வயதில் அது பெரிய பாரம்.

இப்படியெல்லாம் நான் வாதாடியதை நண்பர் லட்சியம் செய்யவில்லை. 2025 டிசம்பரில் மாலத்தீவில் அடுத்த உலகக் கோப்பை நடந்தது. காசிமேட்டுக் கீர்த்தனா ஒற்றையர், இரட்டையர், குழு என்று அதே மூன்று தங்கத்தையும் வாங்கினார். செய்தி வந்த அன்றே நண்பரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "சரி, தலைமுறைக்கு இரண்டு பேர்" என்றார்.

"இளவழகியை விட்டுவிட்டீர்களே" என்றேன்.