பட்டினத்துக் கூழ்: பானையும் வாயிலும்

புங்குடுதீவின் மேற்குக் கரையிலே அமைந்துள்ள குறிகட்டுவான் இறங்குதுறை, தீவக மக்களின் வாழ்க்கையிலே ஒரு வாயிலாகும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்லும் படகுகள் அங்கிருந்தே புறப்படுகின்றன. அத்தீவுகளிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் செல்வோரும் அங்கேயே கரையேறிப் பேருந்தைப் பிடிக்கின்றனர். இவ்வாறு தலைநகர் சேர்ந்த தீவகத்தவர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை நண்பகலிலே, நல்ல ஒடியற்கூழ் எங்கே கிடைக்கும் என்று வினவுவாராயின், அவருக்கு இரு விடைகள் கிடைக்கும். 'பட்டினத்திலே ஏது கூழ்? அது ஊரோடு போயிற்று' என்பது ஒன்று. 'வெள்ளவத்தையிலே எந்த உணவகத்திலும் கேளுங்கள், கிண்ணத்தில் வைத்துத் தருவார்கள்' என்பது மற்றையது. இவ்விரு விடைகளும் அவசர முடிவுகளே. நல்ல கூழ் எது என்பதை வரையறுக்காமல், அது எங்கே கிடைக்கும் என்று கூறுதல் சாலாது.

கூழின் இயல்பு அதன் ஆக்கமுறையிலேயே தெரிகின்றது. பனம்பழக் காலத்திலே பொறுக்கிய விதைகள் பாத்தியிலிடப்பட்டு, சில மாதங்களின் பின் கிழங்காகக் கிண்டி எடுக்கப்படுகின்றன. கிழங்கைப் பச்சையாகவே கிழித்து வெயிலில் உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். ஒடியலை இடித்துப் பெறும் மாவை நீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை மீண்டும் மீண்டும் வடித்துக் கசப்பை அகற்றவேண்டும். அதன் பின்னரே அது உலைக்கு உரியதாகின்றது. பானையிலே ஒரு பிடி அரிசி, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு ஆகியன முதலில் வேகும். சிறுமீன், மீன்தலை, நண்டு, இறால், கணவாய் என அன்றைய கடல் எதைத் தந்ததோ அது அவற்றுடன் சேரும். அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் இட்ட பின், இறுதியாக மாவைக் கரைத்து ஊற்றித் துழாவுவர். முருங்கையிலையும் சிலர் சேர்ப்பர். பனையோலைப் பிளாவிலே வார்த்து, தேங்காய்ச் சொட்டைக் கடித்துக்கொண்டு, சுடச்சுடக் குடிப்பர். ஆறினால் கூழ் இறுகிவிடும்.

இவ்விவரணத்திலிருந்து இரு உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, பல பொருள்கள் சிறிது சிறிதாகச் சேரவேண்டியிருத்தலின், கூழ் ஒருவருக்கென்று ஆக்கக்கூடியதன்று. பானை நிறைய ஆக்கப்பட்டாலே அது கூழாகும். இரண்டாவது, ஆறுமுன் குடிக்கவேண்டியிருத்தலின், குடிப்போர் யாவரும் ஒரே வேளையிலே கூடியிருத்தல் வேண்டும். வெள்ளிக்கிழமையிலே மச்சம் தவிர்க்கும் சைவ வீடுகளிலே, விடுமுறை நாளாகிய ஞாயிறு கூழுக்கு வாய்ப்பான நாளாவது இதனாலேயே. ஆங்கிலேயரின் ஞாயிறு மதிய விருந்தும் இத்தகையதே. தேவாலயத்திலிருந்து திரும்பிய குடும்பம் மேசையைச் சூழ்ந்திருக்க, முழுதாக வாட்டிய பெரிய இறைச்சித் துண்டத்தை அவர்கள் முன்னிலையிலே அரிந்து பகிர்வது அதன் மரபு. அதனை ஒருவருக்குரிய தட்டாக விற்கும்போது இலண்டன் உணவகங்கள் எதிர்கொள்ளும் இடர்ப்பாட்டையே, கூழைக் கிண்ணத்தில் விற்கும் கொழும்பு உணவகங்களும் எதிர்கொள்கின்றன.

இங்கு ஒரு வரலாற்று முரண்பாடு நோக்கற்பாலது. தென்னிலங்கை நகரங்களிலே உணவுக்கடை நடத்தியோருள் தீவகத்தாரின் பங்கு பெரிது. தோசையையும் வடையையும் சிங்கள நகரங்களுக்குப் பழக்கியதில் அவர்களுக்கும் சிறப்பான இடமுண்டு. ஆயினும் அவை சைவக் கடைகள். மீனும் நண்டும் இட்ட கூழ் அங்கே விலைக்கு வந்திருக்க இயலாது. தீவகத்து வணிகர் விற்பதற்கு ஓர் உணவையும் தாம் விரும்பி உண்பதற்கு வேறோர் உணவையும் வைத்திருந்தனர். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களிலே தென்னிலங்கைத் தமிழரின் கடைகள் பல எரிந்தன. 1990களின் தொடக்கத்திலே தீவகத்தின் ஊர்களும் இடம்பெயர்ந்தன. ஊரை இழந்தோர் கொழும்பிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் வாழத் தலைப்பட்ட பின்னரே, வீட்டு உணவாகிய கூழ் ஊரின் அடையாளமாக உயர்ந்து, உணவகப் பட்டியலிலும் ஒடியல் மாப் பொதியிலும் பரவலாக இடம்பெற்றது. ஆகவே, 'பாரம்பரியக் கூழ்' என்று நகரம் பெயர்ப்பலகை எழுதுகையில், பாரம்பரியம் கூழுக்கு உரியதேயன்றிக் கடைக்கு உரியதன்று.

அவ்வாறு விற்கப்படும் கூழிலே மூன்று குறைகள் பொதுவாகக் காணப்படுகின்றன. மாவைக் குறைத்து நீரைக் கூட்டுவதால், அது சோற்றுக்கு முன் அருந்தும் சூப்பாகச் சுருங்கிவிடுகின்றது. முள்ளும் ஓடும் வாடிக்கையாளருக்கு இடைஞ்சல் என்று கருதி மீன்தலையையும் நண்டையும் விலக்கும்போது, சாற்றின் ஆழம் போய்விடுகின்றது. அவ்விழப்பை மறைக்க உறைப்பு மிகுகின்றது. கசப்பின் மெல்லிய சாயல், புளிப்பு, உறைப்பு, கடலின் உவர்ப்பு ஆகியன ஒன்றையொன்று தாங்கி நிற்பதே கூழின் சுவை. ஒன்று மேலோங்கினால் சமநிலை குலையும்.

இக்குறைகளைக் கண்டவுடன், 'ஊரிலே குடித்த கூழே கூழ்' என்று பெருமூச்சு விடுவோரின் பக்கம் சார்ந்துவிடுதல் திறனாய்வாகாது. அவர்களது கூற்றும் ஆராயப்படவேண்டும். தூய்மையான மரபுப் பொருள்கள் என்னும் வாதம் நிலைக்காது. கூழுக்கு இன்றியமையாத மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் வருகையின் பின் நம் நாட்டை அடைந்தவை. ஆகவே கூழ் என்றுமே மாறாது நின்ற ஒன்றன்று. அடுத்து, மாவை ஊறவிட்டு வடித்து, மீனைத் துப்புரவாக்கி, அடுப்பருகே நின்று துழாவியவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. பிறருக்கு ஓய்வாக அமைந்த ஞாயிறு அவர்களுக்கு மற்றொரு வேலைநாளாயிற்று. ஊர்ச்சுவையைப் போற்றுவோர் அவ்வுழைப்பைப் பேசுவது அரிது.

மூன்றாவது கேள்வி இவற்றினும் கடுமையானது. ஊர்ப்பானையைச் சுற்றி யாவரும் அமர்ந்தனரா? யாருடைய முற்றத்திலே யார் இருக்கலாம், எக்கலத்திலே யார் குடிக்கலாம் என்பதைச் சாதி வகுத்திருந்த சமுதாயம் அது. 1960களின் பிற்பகுதியிலே யாழ்ப்பாணத்திலே தேநீர்க்கடைப் பிரவேசத்துக்காகவும் ஆலயப் பிரவேசத்துக்காகவும் மக்கள் போராட வேண்டியிருந்தது. இதனை நினைவிற்கொள்வோர், 'ஒரே பானை, ஒரே உறவு' என்னும் நினைவை நிபந்தனையின்றிப் புகழமாட்டார். நகரத்து உணவகத்திலே விலை கொடுப்பவரின் குலத்தை யாரும் கேட்பதில்லை. அறையெடுத்துத் தங்கும் மாணவனும், குடும்பத்தைப் பிரிந்து தொழில் செய்பவனும் அங்கே ஒரு கிண்ணம் பெறமுடிகின்றது. ஆயினும், உழைப்பாளர் தம் பிடியிலே எஞ்சியதைக் கொண்டு ஆக்கிய உணவு அவர்களால் வாங்கவியலாத விலைக்கு விற்கப்படுமாயின், அவ்வாயிலும் அரைவாசி மூடியதேயாகும்.

எனவே பட்டினத்து நல்ல கூழை மதிப்பிடும் அளவுகோல் இரண்டு அங்கங்களை உடையது: வீட்டின் பானை, கடையின் திறந்த வாயில். வாரத்தில் ஒருநாள், குறித்த வேளையிலே, ஒரே பானையாகக் காய்ச்சி, அது தீர்ந்ததும் 'முடிந்தது' என்று கூறும் இடமே நாடத்தக்கது. நாள் முழுவதும் கேட்டவுடன் கூழ் தரும் இடம் ஐயத்துக்குரியது. செல்வோர் முன்கூட்டியே மூன்றைக் கேட்டறியலாம்: எத்தனை மணிக்கு இறக்குவார்கள், அன்றைய மீன் எது, மாவை எப்பொழுது ஊறவிட்டார்கள். இவற்றுக்குத் தடுமாறாமல் விடையளிப்பவரின் கூழை நம்பலாம். ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கூடிக் காய்ச்சும் கூழ் பெரும்பாலும் இவ்வளவுகோலை எட்டுகின்றது. அங்கும் ஆண்கள் துழாவுகோலைப் பிடிப்பதும், அயலவருக்குப் பிளா நீட்டுவதும் மதிப்பை உயர்த்தும்.

மணிமேகலை அமுதசுரபியைப் பெற்ற மணிபல்லவம் நயினாதீவே என்பது அறிஞர் சிலரின் கருத்து. அத்தீவின் அன்னதான மண்டபமும் அமுதசுரபி என்னும் பெயரையே தாங்கி நிற்கின்றது. காப்பியத்திலே பாத்திரம் கிடைத்தது தீவிலே. அதில் முதற் பிச்சையை ஆதிரை இட்டதோ காவிரிப்பூம்பட்டினமாகிய பெருநகரிலே. அதன் பின்னரே அது பசித்தோர் யாவர்க்கும் வற்றாது சுரந்தது. குறிகட்டுவானிலே கரையேறுவோர் சுமந்து செல்லும் ஒடியல் மாப் பைக்கும் இதுவே பொருந்தும். தீவு மாவைத் தரும். அதனை யார் யாருக்குப் பகிர்வது என்பதைப் பட்டினத்திலே வாழ்வோர்தாம் தீர்மானிக்கவேண்டும்.