வினைமுதல் யார்?

ஆண்டறிக்கையை யாரும் இலக்கியமாக வாசிப்பதில்லை. ஆனால் லாப நட்டக் கணக்கைத் தாண்டி ஊழியர்களைப் பற்றிப் பேசும் பக்கங்களுக்கு வந்தால், அங்கேயும் ஒரு கதைசொல்லி இருக்கிறார். சொன்னது உண்டு, சொல்லாமல் விட்டதும் உண்டு. தமிழ் படித்தவளுக்கு அந்தப் பக்கங்களில் கொஞ்சம் வேலை இருக்கிறது.

டி.சி.எஸ். நிறுவனத்தின் 2022-23 ஆண்டறிக்கை 2023 ஜூனில் வெளிவந்தது. அப்போதைய மனிதவளத் தலைவர் மிலிந்த் லக்காட் அதில் ஒரு செய்தியைச் சொல்கிறார். வழக்கமாக அங்கே வேலையை விட்டுப் போகும் பெண்களின் விகிதம் ஆண்களுடையதற்குச் சமமாகவோ குறைவாகவோதான் இருக்கும். இந்த முறை பெண்கள் கூடுதலாகப் போயிருக்கிறார்கள். காரணத்தை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார். பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்து வேலை பார்த்தது சில பெண்களின் இல்லற ஏற்பாடுகளை மாற்றியமைத்துவிட்டது, நிலைமை சீரான பிறகும் அதுவே அவர்களை அலுவலகம் திரும்பவிடாமல் தடுக்கிறது என்று தம் உள்ளுணர்வுக்குத் தோன்றுவதாகச் சொல்கிறார்.

உள்ளுணர்வு என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் அப்போது அங்கே இருந்தார்கள். மூவரில் ஒருவருக்கு மேல் பெண்கள். உலகத்து வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் தரவுகளை அலசிக் கொடுக்கிற நிறுவனம் அது. தன்னிடம் வேலை பார்த்த பெண்கள் ஏன் போகிறார்கள் என்ற கேள்விக்கு மட்டும் உள்ளுணர்வே போதுமாக இருந்திருக்கிறது. (இதைப் பின்னடைவு என்று ஒப்புக்கொண்டு அறிக்கையில் பேசியதே பெரிய விஷயம் என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் அந்த வாக்கியத்தை இவ்வளவு கவனமாக வாசிக்கிறேன்.)

ஒரு தொழில் நிகழ்வதற்கு எட்டு வேண்டும் என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் வேற்றுமை மயங்கியலில் சொல்கிறது: தொழில், அதைச் செய்பவர், செய்யப்படும் பொருள், இடம், காலம், கருவி, யாருக்காக, என்ன பயனுக்காக. மாணவிகள் இதைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுவார்கள். வேலையைப் பற்றிய எந்தப் பேச்சையும் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைத்ததில்லை. அலுவலகம் திரும்புவதைப் பற்றிய இத்தனை வருடச் சண்டையை இதில் வைத்துப் பாருங்கள். வீடா அலுவலகமா என்பது இடம். வாரத்துக்கு மூன்று நாளா ஐந்து நாளா என்பது காலம். மடிக்கணினி கருவி. மற்றதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

அந்த வாக்கியத்துக்கு வினைமுதல் யார்? ‘வீட்டிலிருந்து வேலை பார்த்தது’ என்ற தொழிற்பெயர் எழுவாயாக வந்து நிற்கிறது. ஏற்பாட்டை மாற்றியது அதுதானாம். வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த அக்காவை நிறுத்தியது யார், குழந்தையைக் காப்பகத்திலிருந்து எடுத்தது யார், ‘நீதான் வீட்டிலேயே இருக்கிறாயே’ என்று முதலில் சொன்னது யார் என்பதெல்லாம் அந்தத் தொழிற்பெயருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. 2020-இல் கணவனும் அதே வீட்டில்தான் இருந்தான். அதே வைஃபையில், பல வீடுகளில் அதே மாதிரியான வேலையைத்தான் பார்த்தான். வீட்டிலிருந்து வேலை பார்த்தது அவனுடைய இல்லற ஏற்பாட்டை ஏன் மாற்றவில்லை? இடம் ஒன்று, காலம் ஒன்று, கருவியும் ஒன்று. பயன் மட்டும் ஆணுக்கு ஒன்றாகவும் பெண்ணுக்கு வேறாகவும் முடிகிறது என்றால், காரணத்தை இடத்தில் தேடுவது வீண்.

அரசின் கணக்கெடுப்பே இதைச் சொல்கிறது. 2024-ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வுப்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்கு அதற்குச் செலவிடுவது 289 நிமிடம். அதே வேலையில் ஈடுபடும் ஆண் செலவிடுவது 88 நிமிடம். குழந்தைகளையும் முதியோரையும் பார்த்துக்கொள்வது இதில் சேராது, அது தனிக் கணக்கு. 2019 ஆய்வில் இவை 299, 97. ஐந்து வருடத்தில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது என்று மகிழப் போனால், ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது.

கொள்கைகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2025-க்குள் நூற்றுக்கு 25 பேர் மட்டும் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று 2020-இல் அறிவித்ததும் இதே டி.சி.எஸ்.தான். 2023 அக்டோபரில் வாரம் ஐந்து நாளும் வரச் சொன்னது. அடுத்த ஆண்டு வருகைப்பதிவு வேரியபிள் பேயோடு கட்டப்பட்டது: 60 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அந்தக் காலாண்டுக்கு ஒன்றும் கிடையாது, முழுத் தொகைக்கு 85 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும். ஒரு விதி, எல்லாருக்கும் பொது. காய்ச்சல்காரக் குழந்தைக்கு மூன்று நாள் வீட்டில் இருப்பது யார் என்ற கேள்விக்கு அந்தப் பொதுவிதியில் இடமில்லை. அந்த மூன்று நாளின் விலையை அது ஒருத்தியின் சம்பளத்தில் கழித்துக்கொள்கிறது.

இதற்கு எதிராக எழுந்த குரல்களில் உரக்கக் கேட்டவை ஆண்களுடையவை. பெட்ரோல் செலவு, ஓ.எம்.ஆர். நெரிசல், சொந்த ஊருக்குக் குடிபெயர்ந்துவிட்டவர்களின் வாடகைக் கவலை. எல்லாம் நியாயமானவையே. பெண்கள் சொன்னது தாழ்ந்த குரலில் வந்தது, அதோடு ஒரே திசையில் வரவும் இல்லை.

பகுதி ஒன்று தமிழில் என்னிடம் படித்த கணினி அறிவியல் மாணவிகள் பலர் இந்த நிறுவனங்களில் இருக்கிறார்கள். திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி, சோழிங்கநல்லூரில் விடுதியில் தங்கி வேலை பார்த்தவள், 2020-இல் ஊருக்குப் போனாள். சம்பளம் வந்தது, வேலையும் நடந்தது. மீட்டிங்கில் இருக்கும்போதே பின்னால் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்திருப்பார்கள். திரும்பி வா என்று அலுவலகம் கூப்பிட்ட அன்றே பெட்டி கட்டியவள் அவள். அவளுக்கு அந்த உத்தரவு மறுபடியும் கிடைத்த சாவி. வீட்டிலிருந்து வேலையைப் பெண்களுக்கு வாய்த்த வரமாகப் பேசுபவர்கள், அவள் எந்த வீட்டிலிருந்து கிளம்பி வந்தாள் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இன்னொருத்தி தாம்பரத்தில் மாமியார் மாமனாரோடு இருக்கிறாள், இரண்டு குழந்தைகள். “வீட்ல இருந்தா நான் சும்மா இருக்கேன்னுதாம்மா நெனைக்கறாங்க. மீட்டிங்ல பேசிக்கிட்டே குக்கர் எத்தன விசில்னு எண்ணுவேன்” என்றாள். அப்படியென்றால் அலுவலகம் போவதுதானே நல்லது என்று கேட்டேன். “போனா அந்தக் குக்கர யாரு வைப்பாங்க?” ஆறு மாதம் இழுத்துப் பார்த்துவிட்டு ராஜினாமா செய்தாள். வெளியேறும்போது நிரப்பிய படிவத்தில் காரணங்களின் பட்டியல் இருந்ததாம்: மேற்படிப்பு, வேறு வேலை, இடமாற்றம், தனிப்பட்ட காரணம். கடைசிக் கட்டத்தில் டிக் அடித்திருக்கிறாள். பெண்ணியம் படித்தவர்களுக்கு ‘தனிப்பட்ட’ என்ற சொல்லைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட டிக்குகள் போய்ச் சேருகிற இடத்தில்தான் தலைவர்களுக்கு உள்ளுணர்வு தேவைப்படுகிறது.

வீடு என்பது வேலையற்ற வெற்றிடம் என்ற நினைப்பு எவ்வளவு ஆழமானது என்று காட்ட 2025 ஜனவரியில் ஒரு காணொளி வந்தது. எல் அண்டு டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன், ஊழியர்கள் ஞாயிற்றுக்கிழமையும் வேலை பார்த்தால் மகிழ்வேன் என்று சொல்லிவிட்டு, வீட்டில் உட்கார்ந்து மனைவியை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று கேட்டார். நாடு முழுக்கக் கேலி செய்து தீர்த்தது. கேலி செய்தவர்களில் பலரும், மனைவியைப் பார்ப்பது இனிமையானது என்றே பதில் சொன்னார்கள். அவர் பார்வைக்கு முன்னால் அந்த மனைவி ஞாயிற்றுக்கிழமை என்ன செய்துகொண்டிருப்பாள் என்று கேட்டவர்கள் குறைவு. எனக்குத் தெரிந்த வீடுகளில் அவள் இட்லிக்கு அரைத்துக்கொண்டிருப்பாள், சீருடைகளைத் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

இந்தப் பேச்சில் முற்றிலும் விடுபட்டுப் போனவர்கள் வேறு சிலர். கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் ஓ.எம்.ஆரை ஒட்டியே இருக்கின்றன. நகரத்தின் ஆற்றோரங்களிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள் குடியேற்றப்பட்ட இடங்கள். அங்கிருந்து பெண்கள் இந்தக் கண்ணாடிக் கட்டடங்களுக்கு ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போகிறார்கள், அடுக்குமாடிகளுக்குப் பாத்திரம் தேய்க்கப் போகிறார்கள். ஊரடங்கில் கட்டடம் மூடியதும் முதல் வேலையும், ‘இப்போதைக்கு வர வேண்டாம்’ என்றதும் இரண்டாவது வேலையும் போயின. அவர்களுக்கு வீட்டிலிருந்து வேலை என்று ஒன்று கிடையாது. கழிப்பறையை எந்த வைஃபையில் கழுவுவது? தாம்பரத்துப் பெண் அலுவலகம் திரும்ப வேண்டுமென்றால் இவர்களில் ஒருத்தி அவள் வீட்டுக்கு வர வேண்டும். அப்போது இவளுடைய பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் இவளுடைய மூத்த மகள். வினைமுதலைத் தேடிக்கொண்டு போனால் கடைசியில் பள்ளிக்குப் போகாத ஒரு சிறுமியிடம் வந்து நிற்கிறோம். இதை எந்த ஆண்டறிக்கையும் எழுதாது. நம்முடைய கட்டுரைகளும் அதிகம் எழுதியதில்லை.

சட்டம் என்ன செய்தது என்றும் பார்க்கலாம். 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி விடுப்பை 26 வாரமாக்கினார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம் என்றார்கள். விடுப்புக்குப் பின், வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இரு தரப்பும் ஒத்துக்கொண்டு வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்றும் எழுதினார்கள். நல்ல திருத்தம்தான். ஆனால் காப்பகத்துக்கு ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்துவர அனுமதி தரும் வாசகம் ‘பெண்’ணுக்கு மட்டுமே அதைத் தருகிறது. குழந்தையின் தகப்பன் அதே கட்டடத்தில் இரண்டு மாடி மேலே உட்கார்ந்திருந்தாலும், அவன் இறங்கிவந்து பார்ப்பதை அந்த வாசகம் கற்பனை செய்யவில்லை.

தாம்பரத்து மாணவியிடம், உங்கள் அலுவலகத்தில் காப்பகம் இருந்ததா என்று கேட்டேன். இருந்ததாம். தரைத்தளத்தில், சுவரில் பொம்மை வரைந்து, ஏ.சி. போட்டு, நன்றாகவே வைத்திருந்தார்களாம். காலை ஏழு மணிக்குக் கிளம்பும் கம்பெனி பஸ்ஸில் மட்டும் குழந்தைகளை ஏற்ற அனுமதி இல்லை.